கட்டரின் ஐந்து பூச்சுகள்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கண்ணில் பட்டதைப் பற்றியெல்லாம் விசாரிப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் பைக்குள் என்ன இருக்கிறது என்பதை அவர் இறங்குவதற்குள் அறிந்துவிடுவேன். மரண வீட்டுக்கு என்னோடு வர என் மனைவி மறுப்பதற்கும் இதுதான் காரணம். போர் முடிந்து, படையினர் வைத்திருந்த எங்கள் பழைய கட்டர் நான் வேலை செய்த திணைக்களக் கந்தோருக்குத் திரும்பி வந்தபோது, அதன் பெயின்றைச் சுரண்டும் வேலையை என் தலையில் கட்டினார்கள். மற்றவர்கள் அதைத் தண்டனை என்று நினைத்து அனுதாபப்பட்டார்கள். எனக்கோ கொண்டாட்டமாக இருந்தது.

கட்டர் என்று நாங்கள் சொன்னது, கரையோரக் காவலுக்காகக் கட்டப்பட்ட ஓர் இரும்புப் படகை. நாற்பது அடி நீளம். முன்னால் சுக்கான் அறை, நடுவில் ஆட்கள் இருக்க இரண்டு வரிசைப் பலகை, பின்னால் தட்டுக்குக் கீழே இஞ்சின். கடத்தல்காரரைத் துரத்தவென்று கடலில் ஓடிய படகு, வயது போனதும் மட்டக்களப்பு வாவிக்குள் வந்து சேர்ந்தது. அதன் பிறகும் அதற்கு ஓய்வு கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. கை மாறிக் கை மாறிப் பல திணைக்களங்கள் அதை ஓட்டின. எவரும் பழைய பூச்சைச் சுரண்டவில்லை, மேலேயே தங்கள் நிறத்தை அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அரசாங்கச் சோம்பலால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை அது.

கரையில் கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்த கட்டரின் முன்பக்கத்தில் ஒரு சாண் இடத்தை மட்டும் முதலில் மெதுவாகச் சுரண்டினேன். மேலே கடும் பச்சை. அதற்குக் கீழே வெள்ளை. வெள்ளைக்குக் கீழே வான நீலம். நீலத்துக்குக் கீழே சாம்பல். எல்லாவற்றுக்கும் அடியில், துருப் பிடிக்காமல் இருக்க முதன்முதல் அடித்த சிவப்பு. ஐந்து பூச்சு. அந்த ஒரு சாண் இடத்தை அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வொரு நிறத்தையும் பற்றி ஆட்களைத் தேடிப் போய்க் கேட்கத் தொடங்கினேன்.

சாம்பல் நிறத்துக்காகவே ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி மாங்கேணிக்குப் போனேன். காவல் காலத்தில் அந்தக் கட்டரைக் கண்ட மீனவர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். விசயத்தைச் சொன்னதும் மனிதர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"அந்தக் கட்டரா? அது என்னைத் துரத்தின சாமான் மனே!"

நடந்தது இதுதான். அவர் இளந்தாரியாக இருந்தபோது, வெளிக்கடலில் நின்ற படகு ஒன்றிலிருந்து சாறன் கட்டுகளைத் தன் வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறார். கட்டர் துரத்தியது. இவர் வேண்டுமென்றே மணல் திட்டுக்கு மேலால் வள்ளத்தை விட்டார். வள்ளம் வழுக்கிக்கொண்டு போய்விட்டது, கட்டர் மணலில் ஏறி இறுகிவிட்டது. மத்தியானம் வரை அதிலிருந்தவர்கள் கைகாட்டிக் கூப்பிட்டார்கள். இவர் சாறன்களை ஒளித்துவைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத ஆளாக நாலு பேரோடு போய்க் கட்டரை இழுத்து விட்டிருக்கிறார். நன்றியாக ஒரு பெரிய பிஸ்கட் ரின் கொடுத்தார்களாம். அந்த ரின்னையும் எனக்குக் காட்டினார். உள்ளே அவருடைய மனைவி பழப்புளி போட்டு வைத்திருந்தார்.

நீலக் காலத்தைப் பற்றி அதிகம் கிடைக்கவில்லை. வாவியின் ஆழம் பார்த்தார்கள், இறால் குஞ்சு பிடித்துப் போத்தலில் அடைத்தார்கள் என்று ஓய்வுபெற்ற லிகிதர் ஒருவர் சொன்னார். முதலை எண்ணவும் ஒரு தரம் போனார்களாம். எத்தனை என்று கேட்டேன். எண்ணப் போனவர் முதலாவது முதலையோடு எழுத்தை நிறுத்திவிட்டார் என்றார்.

வெள்ளை என்னுடைய காலம். பதின்மூன்று வருடம் அதில் நான் இஞ்சின் டிறைவர். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஓர் ஆட்சி, மேற்கே படுவான்கரையில் இன்னோர் ஆட்சி என்று இருந்த நாட்களில், இரண்டு கரைக்கும் பொதுவாக ஓடிய சில சாமான்களில் எங்கள் கட்டரும் ஒன்று. நோயாளிகளை ஏற்றினோம். பரீட்சை வினாத்தாள்களை ஏற்றினோம். அமிர்தகழித் திருவிழாவுக்கு ஆட்களை ஏற்றினோம். இரண்டு பிள்ளைகள் அதில் பிறந்தன. அவர்களில் ஒருத்தியை இப்போதும் சந்தையில் கண்டால், என் இஞ்சின் சத்தத்தில் பிறந்ததால்தான் நீ இப்படிக் கத்திக் கதைக்கிறாய் என்று பகிடி பண்ணுவேன்.

பச்சையைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை. சில விசயங்களைக் கேட்காமல் இருக்க அந்தக் காலம் என்னைக்கூடப் பழக்கியிருந்தது.

பக்கவாட்டில் தகடுகள் பொருந்தும் இடத்தைச் சுரண்டும்போது, வெள்ளைக்கும் பச்சைக்கும் நடுவே கறுப்பு மண் உதிர்ந்தது. நுண்ணிய கடல் மண். கழுவாமல் அப்படியே மேலால் பச்சையை அடித்திருக்கிறார்கள். அது என்ன மண் என்று நான் எவரிடமும் விசாரிக்கத் தேவையில்லை. சுரண்டியை வைத்துவிட்டு அன்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

இனிச் சுக்கானியைப் பற்றிச் சொல்லவேண்டும். கட்டரைப் பிடித்து ஓட்டியவர் காத்தான்குடியைச் சேர்ந்தவர். என்னை விடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை நானா என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பி என்பார். நான் நூறு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொல்வார். அந்த ஒன்றும் பெரும்பாலும் "ஓம்" என்றுதான் இருக்கும். படகு ஓட்டுவதில் அவர் விட்டுக்கொடுக்காத ஒரு சட்டம் இருந்தது. அது ஆற்றுவாய் பற்றியது.

எங்கள் வாவி கடலோடு சேரும் இடம் முகத்துவாரம். வருடத்தில் பல மாதம் அந்த வாயை மணல் மூடிவிடும். மாரி மழையில் வாவி நிரம்பும், வெல்லாவெளிப் பக்கத்து வட்டைகளில் நெல் முங்கும், கமக்காரர் ஆற்றுவாயை வெட்டு வெட்டு என்று நிற்பார்கள். வெட்டினால், அல்லது தானாக உடைந்தால், வாவித் தண்ணீர் முழுக்கக் கடலுக்குப் பாயும். பக்கத்தில் நிற்கும் படகையும் அது கொண்டுபோய்விடும். ஆகவே தண்ணீர் வாய்ப் பக்கம் இழுக்கிறது என்று கண்டால், அந்தக் கணமே கயிற்றை அவிழ்த்து வாவியின் அகலமான உட்பகுதிக்கு ஓடவேண்டும். யாருக்காகவும் நிற்கக்கூடாது. இதுதான் நானாவின் சட்டம்.

கரையில் இருப்பவர்களின் வழக்கம் நேரெதிர். ஆற்றுவாய் திறந்தது என்று கேட்டால் அவர்கள் வாயை நோக்கி ஓடுவார்கள். பாய்கிற தண்ணீரோடு இறாலும் கொடுவா மீனும் அள்ளுப்பட்டு வரும். வலை, கூடை, சட்டி என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அது ஒரு கொண்டாட்டம். நானே சின்ன வயதில் பள்ளிக்கூடச் சட்டையைக் கழற்றி அதில் இறால் அள்ளியிருக்கிறேன்.

அந்த வருடம் வெள்ளம் கூட. நத்தாருக்கு மறுநாள், டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை காலை, முகத்துவாரத்துக்குக் கிட்ட, கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலில் கிடக்கும் ஒரு கிராமத்துத் துறையில் கட்டர் நின்றது. அங்கிருந்து ஆட்களைப் பட்டணத்துக்கு ஏற்றவேண்டும். எல்லோரையும் ஒரே தரத்தில் ஏற்ற இடமில்லை. அந்த ஊர் ஆட்கள் வந்த விருந்தாளிகளை முதலில் ஏற்றிவிட்டுத் தாங்கள் ஒதுங்கி நிற்பார்கள். அன்றும் அப்படித்தான். நத்தாருக்கு வந்து தங்கிய வெளியூர் ஆட்கள் படகில் ஏறினார்கள். ஊர் ஆட்கள் ஒன்பது பேர் அடுத்த தரத்துக்கென்று துறையில் நின்றார்கள். அவர்களில் ஒருவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவருடைய தங்கைக்குப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்திருந்தது. மனைவி முதல்நாளே துணைக்குப் போய்விட்டார், இவர் பிள்ளை பார்க்கப் போகிறார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், சட்டையைக் கண்டதும் நான் கேட்டேன்.

இஞ்சினை இயக்கிவிட்டு மேலே வந்தேன். தண்ணீர் ஒரு சாண் உயர்ந்து படகு ஆடியது. ஏதோ பெரிய படகு போன அலை என்று நினைத்தேன். பிறகு தண்ணீர் இறங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துறைக் கம்புகளின் ஈர அடையாளம் முழ உயரத்துக்கு வெளியே தெரிந்தது. கரையோரச் சேறு தெரிந்தது. சேற்றில் மீன் துள்ளியது. தண்ணீர் முழுக்க வாய்ப் பக்கம் ஓடியது. எல்லாவற்றையும் முதலில் அறிந்து முதலில் சொல்லவேண்டும் என்ற என் கெட்ட குணம் அந்த இடத்தில் வாயைத் திறந்தது.

"நானா! ஆத்துவாய் உடைஞ்சிற்று!" என்று இஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தினேன்.

நானா கயிற்றை அவிழ்த்தார். துறையில் நின்றவர்களைப் பார்த்து, "நில்லுங்க, மறுகா வாறம்" என்றார். அவர்கள் அதைக் கேட்கவே இல்லை. என் சத்தத்தைத்தான் கேட்டார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் துறைக் கம்பில் காயப் போட்டிருந்த யாருடையதோ வலையை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். ஒன்பது பேரும் முகத்துவாரத்தை நோக்கி ஓடினார்கள். சிரித்துக்கொண்டு ஓடினார்கள்.

கட்டர் வாவியின் நடுவுக்கு வந்த பிறகுதான் கடல் தென்னைகளுக்கு மேலால் வந்தது. நானா சுக்கானைத் திருப்பிப் படகின் முகத்தை அதற்கு நேரே கொடுத்தார். உள்ளே இருந்த இருபத்துச் சொச்சம் பேரும் பிழைத்தார்கள். அந்தக் கிராமத்தில் பாதிப் பேர் பிழைக்கவில்லை.

அதன் பின் நாங்கள் நாள் முழுக்க, நாள் நாளாக, உடல்களை ஏற்றினோம். அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பம் இல்லை. ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். வெள்ளைச் சட்டைக்காரரை முகத்துவாரப் பக்கத்துக் கண்டல் பற்றைக்குள் நான்தான் கண்டெடுத்தேன். வலை கையில் சுற்றியிருந்தது. பட்டணத்துத் துறையில் அவருடைய மனைவி நின்றார். அழவில்லை. சட்டையைப் பார்த்தார், வலையைப் பார்த்தார்.

"என்னட்ட வாறன் எண்டு வெளிக்கிட்ட மனிசன் கையில வலை என்னத்துக்கு தம்பி? இவர் துறைக்கு வந்தவரா, இல்ல மீனுக்குப் போனவரா?"

"தெரியாது அக்கா" என்றேன்.

வாழ்க்கை முழுவதும் மற்றவர்களைக் கேள்வி கேட்டு அலைந்த என்னிடம், பதில் தெரிந்த ஒரு கேள்வி வந்தது. நான் பொய் சொன்னேன். பயந்துபோய்ச் சொன்னேன்.

அந்தப் பெண் நானாவிடமும் போய்க் கேட்டிருக்கிறார். "துறைக்கு வந்தார் புள்ள. நாந்தான் ஏத்தாம வந்திட்டன்" என்று அவர் சொல்லியிருக்கிறார். அதோடு ஊர் முடிவு கட்டிவிட்டது. வெளியூர்க்காரரை ஏற்றிக்கொண்டு எங்கள் ஆட்களைத் துறையில் விட்டுவிட்டு ஓடியவன் என்று நானாவை ஏசினார்கள். தூரத்துத் தென்னையில் ஏறித் தப்பிய ஒருவர், கட்டர் போனதைக் கண்ணால் கண்டேன் என்று சாட்சியும் சொன்னார். ஓடிய ஒன்பது பேரில் ஒருவரும் தப்பவில்லை, விருந்தாளிகள் தத்தம் ஊருக்குப் போய்விட்டார்கள். முதலில் கத்தியது யார் என்று சொல்ல நானாவைத் தவிர ஆளில்லை.

ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் ஒரு நாள் கேட்டேன்.

"தண்ணி அப்பிடி வத்தினா ஆரும் அதத்தானே சொல்லுவாங்க தம்பி. கயிற அவுத்தது என்ட கை. நீ சின்னப் புள்ளைகள வெச்சிருக்காய், நீ இந்த வேலைய விட ஏலா."

அவர் வேலையை விட்டார். அதன் பின் கட்டரைப் படை எடுத்தது, பச்சை அடித்தது. வருடங்கள் போயின. அவர் தந்ததை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். வெட்கக்கேடுதான், வேறு சொல் இல்லை.

கட்டர் திரும்பி வந்ததற்குக் காரணம் அந்தக் கிராமம்தான். ஆட்கள் மீண்டும் குடியேறியிருந்தார்கள், பட்டணத்துக்கு ஒரு படகு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இறுகிப்போன அந்தச் சுக்கானைப் பிடிக்கத் தெரிந்தவர் நானா மட்டுமே என்று கந்தோர் அவரைத் திரும்பக் கூப்பிட்டது. பின்னேரங்களில் அவர் வந்து கட்டருக்குப் பக்கத்தில் நிற்பார். தொடமாட்டார். "சுக்கான் நல்லாத் திரும்புதா தம்பி?" என்று கேட்பார். பதின்மூன்று வருடத்தில் அவர் என்னிடம் கேட்காத அளவு கேள்விகளை அந்த இரண்டு கிழமையில் கேட்டார். அவருக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆனால் ஊர் சம்மதிக்கவில்லை. அந்த ஆள் ஓட்டினால் ஒருவரும் ஏறமாட்டோம் என்று கையெழுத்து வைத்துக் கடிதம் எழுதினார்கள். கடிதத்தைக் கந்தோரில் கொடுக்க வந்தது அதே அக்கா. அவர் அப்போது ஊர் மாதர் சங்கத்தின் தலைவி. உள்ளே போகுமுன், நான் சுரண்டிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, விட்டு வைத்திருந்த ஐந்து நிறத்தையும் பார்த்தார்.

"இதில எந்த நிறத்தில தம்பி அண்டைக்கு வந்தது?"

"வெள்ளை அக்கா."

அவர் வெள்ளையை விரலால் தடவினார். மறு கையில் கடிதம். இனியும் பேசாமல் இருந்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது. சுரண்டியைக் கீழே போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். விருந்தாளிகளுக்காக அவருடைய கணவர் ஒதுங்கி நின்றது, தண்ணீர் வற்றியது, நான் கத்தியது, அவர் வலையை உருவியது. நானா நில்லுங்க என்று சொன்னதையும் சொன்னேன்.

அக்கா கட்டைக்கு மேல் இருந்துவிட்டார்.

"அப்ப நானா சொன்ன மாதிரி துறைக்கு வந்தவர்தான்" என்றார்.

"ஓம் அக்கா. நேரத்தோட வந்திட்டார்."

"பயத்தில ஓடல்லயா?"

"இல்ல அக்கா. சிரிச்சிற்றுத்தான் ஓடினவர்."

"மீன் இருந்திச்சா, சும்மா ஓடினாரா?"

"இருந்திச்சு. சேத்தில துள்ளினதை நான் கண்டன்."

அவர் தலையை ஆட்டினார். அப்போதுதான் அழுதார். சேலைத் தலைப்பை வாயில் அடக்கிக்கொண்டு அழுதார். பிள்ளை பெற்றவளுக்கு இறால் நல்லது என்று அள்ள ஓடியிருப்பார், அவருக்கு அந்தத் தங்கச்சி எண்டால் உயிர் என்றார். நானும் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. தேற்றவேண்டும் என்று நான் எதிர்பார்த்ததை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

"நாளைக்குக் கோயிலடியில கூட்டம் இரிக்கு. வந்து எனக்குச் சொன்ன மாதிரியே ஊருக்குச் சொல்லுங்க. நானா ஓட்டட்டும், நான் முதல் ஆளா ஏறுறன்." இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பினார். "ஆனா நீங்க அதில இருந்தா நான் ஏறமாட்டன் தம்பி. அந்தச் சத்தம் எனக்கு மறுகாக் கேக்கக்கூடாது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது நேராக உள்ளே இறங்கியது.

மறுநாள் கூட்டத்தில் சொன்னேன். ஒருவரும் ஏசவில்லை, ஒருவரும் என்னோடு கதைக்கவும் இல்லை. அடுத்த கிழமை கட்டர் தண்ணீரில் இறங்கியது. வேறு ஒரு டிறைவருக்கு இஞ்சினைப் பழக்கிக் கொடுத்துவிட்டு நான் கந்தோரில் உதிரிப்பாகக் களஞ்சியத்துக்கு மாற்றம் வாங்கிக்கொண்டேன். நானா எட்டு வருடம் அதை ஓட்டினார். அக்கா கிழமைக்கு இரண்டு தரம் சந்தைக்கு அதில்தான் வருவார். வழியில் கண்டால் என் பிள்ளைகளைச் சுகம் விசாரிப்பார், நான் பதில் சொல்வேன். இனி ஏறு என்று அவர் சொன்னதில்லை. ஏறலாமா என்று நானும் கேட்டதில்லை.